பின்கதவு பூட்டாத அக்கா

அக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் முதலில் அவள் சொன்ன பொய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு பொய். அதையே காலம் முழுக்க, ஆள் பார்க்காமல், முகம் மாறாமல் சொன்னாள். யார் யாரைத் தேடிக்கொண்டு வந்து கேட்டில் நின்றாலும், பூப்போட்ட பாத்தேக் கைலியில் ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வருவாள். "இங்க யாரும் இல்லலா" என்பாள். அந்த நேரத்தில் தேடப்பட்ட ஆள் அவள் குசினியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் வீட்டுக்குள் வந்த ஒருத்தர் பெயரையும் வெளியே விடாதவள். அவள் பெயரை மட்டும் நான் விட்டுவிட்டால் நன்றாக இருக்காது.

புக்கிட் செலம்பாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவள் வீடும் என் வீடும் ஒட்டு வீடுகள். நடுவில் ஒரே சுவர். நான் மிளகாய் தாளித்தால் அவளுக்குத் தும்மல் வரும். வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். தாமானில் எல்லாரும் பின்கதவுக்கு இரும்புக் கிரில் போட்டு, பெரிய பூட்டாகப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தோம். அக்கா வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள்கூட ஒழுங்காக விழாது.

"திருடன் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாவம், பசிச்சுப்போயி வந்திருப்பான்" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படிப் பேசுகிறவர்களோடு வாதாட முடியாது.

நாங்கள் இருவரும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரே பெக்டரியில் வேலை பார்த்தோம். நான் லைனில். முகத்தை மூடிக்கொண்டு, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புக்குள் புகுந்துகொண்டு, ஒரு தூசு உள்ளே வந்தால்கூடக் கத்துகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். அவள் கேண்டீனில். காலையில் பெக்டரி பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து இடத்தில் பையை வைத்துவிடுவாள். எந்தப் பெண் தாமதமாக ஓடிவருகிறாளோ அவளுக்கு அந்த இடம். டிரைவர் ஹாரன் அடித்தால், "ஏறிட்டா, பின்னால உக்காந்திருக்கு" என்று வராத பெண்ணை வந்ததாகச் சொல்லிப் பேச்சுக் கொடுத்து நேரத்தை இழுப்பாள். ஆள் இல்லையென்று மறைப்பவள், தேவைப்பட்டால் இருக்கிறதென்றும் சொல்வாள்.

அவள் திறமையை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது, எங்களுக்கு அடுத்த வரிசைப் பெண் ஒருத்தி அடி தாங்காமல் ஓடிவந்த அன்றைக்கு. பதற்றத்தில் அவள் முன்வாசல் வழியாகவே வந்துவிட்டாள். உள்ளே ஓடிய அவசரத்தில் ஊதா நிறச் சிலிப்பரை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டாள். பின்னாலேயே அவள் புருஷன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். நான் என் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிலிப்பர் அவன் கண்ணுக்கு நேராகக் கிடந்தது.

அக்கா அவசரமே இல்லாமல் வெளியே வந்தாள். வந்தவள் நேராக அந்த ஊதாச் சிலிப்பருக்குள் தன் கால்களை நுழைத்தாள். அவள் பாதம் பெரியது. குதிகால் பாதிக்கு மேல் வெளியே நின்றது. அப்படியே கேட் வரைக்கும் நடந்து போனாள்.

"இங்க யாரும் இல்ல தம்பி."

"அது அவ சிலிப்பர் மாதிரி இருக்கே?"

"பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஊருக்கே ஒரே சிலிப்பர்தான் விக்கிறான். நானும் வாங்கித் தொலைச்சேன். பத்தலன்னாலும் போட்டுக்கிட்டுத் திரியிறேன், பாரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மோட்டாரை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். மோட்டார் சத்தம் மெயின் ரோட்டில் கரையும் வரைக்கும் அக்கா அந்தச் சிலிப்பரைக் கழற்றவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு புருஷனிடம் திரும்பிப் போகவில்லை. அலோர் ஸ்டாரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, தீபாவளிக்குத் தீபாவளி அக்காவுக்கு முறுக்கு அனுப்புவாள்.

மனிதர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்றும் நினைத்துவிட வேண்டாம். செம்பனைக்குள் இருக்கும் முனியாண்டி கோயிலில் வருஷா வருஷம் சேவல் அறுத்துப் பூசை போடுவோம். எதிர்வீட்டு அண்ணன் தன் மகன் விபத்தில் பிழைத்ததற்காக ஒரு சிவப்புச் சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். பூசையன்று காலையில் அது கால் கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அண்ணன் வேட்டியும் விபூதியுமாகக் கால்வாய் ஓரமெல்லாம் தேடிவிட்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சேவல் இந்தப் பக்கம் வந்துச்சாம்மா?"

"இங்க யாரும் இல்லண்ணே."

சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கூவியது.

"டிவிலாண்ணே" என்றாள் அக்கா. "என்னமோ கிராமத்துப் படம் போட்டிருக்கான்."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். அண்ணன் முட்டாள் இல்லை. ஆனால் அவரே ஒரு காலத்தில் போலீசுக்குப் பயந்து அவள் குசினியில் ஒரு வாரம் சோறு தின்றவர்தான். "அது சாமிக்கு நேர்ந்தது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, பாசாருக்குப் போய் வேறு சேவல் வாங்கிக்கொண்டார். அந்தச் சிவப்புச் சேவல் அதன் பிறகு அக்கா வீட்டிலேயே ராஜா மாதிரி வாழ்ந்தது. என் கெண்டைக்காலைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. அவள் தம்பி விஷயம் அப்படி இல்லை.

அவன் தஞ்சோங் டாவாயில் நெத்திலிப் படகுகளில் வேலை பார்த்துவந்தான். வேலை பார்ப்பான், சண்டை போடுவான், குடிப்பான், துரத்துவார்கள். துரத்தியதும் செம்பனைக்குள் புகுந்து கால்வாயைத் தாண்டி அக்கா வீட்டுப் பின்கதவுக்கு வந்துவிடுவான். முன்வாசல் என்று ஒன்று அந்த வீட்டுக்கு இருப்பதே அவனுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவான், தலை நிமிர மாட்டான். ஆனால் அவன் போகிற இடத்தில் எதுவும் உருப்பட்டதில்லை. அக்காவின் ஒரே மகளுக்கு நிச்சயம் பண்ணிய அன்று மாப்பிள்ளையின் சித்தப்பாவோடு கைகலப்பாகி, தாம்பூலத் தட்டோடு அவர்களை எழுந்து போக வைத்தவன் அவன்தான். மகள் அதன் பிறகு கல்யாணமே வேண்டாமென்று ஜோகூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "ஒன்னு நானு, இல்லாட்டி மாமா. இனிமே அவர இந்த வீட்டுல சேக்க மாட்டேன்னு சொல்லும்மா."

"சேக்க மாட்டேன்மா. நீதாம்மா எனக்கு" என்றாள் அக்கா. அந்தச் சமயத்தில் அவன் குளியலறையில் இருந்தான். மகளுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு நோய் முதுகுவலியாகத்தான் வந்தது. கேண்டீனில் நின்று நின்று வந்த வலி என்றார்கள். தைலம் தேய்த்தாள், சுங்கைப் பட்டாணியில் ஒருவரிடம் போய் உருவிக்கொண்டாள், உருவிய பிறகு இன்னும் மோசமானது. ஒருநாள் காலையில் வாளித் தண்ணீரைத் தூக்கும்போது கை ஒடிந்தது. விழவில்லை, மோதவில்லை. சும்மா ஒடிந்தது. படமெடுத்துப் பார்த்தால் எலும்பெல்லாம் பூச்சி அரித்த ரொட்டி மாதிரி இருந்தது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில் வருகிற ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அந்தப் பழைய சேவல் கதையைத் தாமான் அப்போது தோண்டி எடுத்தது. சாமிக்குச் சேர வேண்டிய உயிரை ஒளித்துவைத்தவள், இப்போது சாமி வந்து கேட்கிறது என்றார்கள். சேவலைக் கொடுத்துவிடச் சொல்லி எதிர்வீட்டு அண்ணன் பெண்சாதி வந்து கெஞ்சினாள். அக்கா மறுத்துவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒருநாள் வேறு ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போய் முனியாண்டி முன்னால் விட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மருந்து கேட்டது. ஊசியும் மாத்திரையுமாகச் சில மாதங்கள் போனதும் அக்கா எழுந்து நடந்தாள். ஒருநாள் என் வீட்டு வாசலுக்குப் பாயாசத்தோடு வந்தாள். ரத்தத்தில் நோய் தெரியவில்லையாம். நானும் அவளும் அந்தப் பாயாசத்தைக் குடித்துவிட்டு, அடுத்த தடவை டொக்டரைப் பார்க்கப் போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டே நான் ஓட்ட என் காடியில் போனோம்.

டொக்டர் எங்கள் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. பொறுமையாகப் பேசுவாள்.

"ரத்தத்துல இப்ப ஒன்னும் தெரியல ஆண்ட்டி. ஆனா எலும்புக்குள்ள, மஜ்ஜையில, கொஞ்சம் உக்காந்திருக்கு."

"மருந்து அங்க போவாதா டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"போவும். போனாலும் அங்க முழுசா சாவ மாட்டேங்குது. மஜ்ஜைதானே ரத்தம் பொறக்குற எடம். பொறக்குற செல்லுங்கள வளக்குறதுக்குன்னே அங்க வேற செல்லுங்க இருக்கு. சாப்பாடு குடுக்கும், பத்திரமா புடிச்சு வெச்சுக்கும். கான்சர் செல்லும் போயி அதுங்கள ஒட்டிக்கிது. ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும் மருந்து வந்தா தாக்குப்புடிக்கிற தெம்ப அதுங்களே குடுக்குது. சில செல்லு அப்படியே சத்தமில்லாம தூங்கிப்போயிடும். மருந்து ஓடியாடி வளர்றதத்தான் நல்லா கொல்லும். தூங்குறத விட்டுடும்."

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வளக்குற செல்லு யாரோடது? என்னோடதா?"

"உங்களோடதுதான் ஆண்ட்டி. நல்ல செல்லுதான்."

"தெரிஞ்சா செய்யிது?"

"தெரியாது ஆண்ட்டி. யாரு வந்து ஒட்டிக்கிட்டாலும் பாத்துக்கறதுதான் அதோட வேல. வந்தது சும்மாவும் இருக்கறதில்ல. அந்த எடத்தையே தனக்கு வசதியா மாத்திக்கிது. எலும்ப அரிக்க வெச்சு, அதுல கெடைக்கிறதத் தின்னுட்டு இன்னும் பெருகுது. உங்க கை ஒடஞ்சது அதனாலதான்."

அக்கா ஒடிந்த கையை மற்றக் கையால் தடவினாள். பிறகு, "பாவம்" என்றாள்.

டொக்டருக்கு அது புரியவில்லை. நோயாளி தன்னைத்தானே நொந்துகொள்கிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். எனக்குப் புரிந்தது. தன்னைச் சாகடிக்கத் துணைபோகிற அந்தச் செல்லுக்காகத்தான் இவள் பாவப்படுகிறாள்.

திரும்பி வரும்போது காடியில், "என் எலும்புக்கும் என் புத்திதான் இருக்கு புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

டொக்டர் ஒரு வழியும் சொல்லியிருந்தாள். அக்காவின் ரத்தத்திலிருந்து நல்ல விதைச் செல்களை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிறகு மிகக் கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையையே துடைத்து எடுத்துவிட்டு, அந்த விதைகளைத் திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். ஒளிந்திருப்பவற்றில் பெரும்பாலானவை அதில் போய்விடும், நிறைய வருஷம் கிடைக்கலாம் என்றாள். அதுவரைக்கும் ஒரே ஒரு நிபந்தனை. உடம்பில் எதிர்ப்பு இல்லை, அதனால் வீட்டுக்குள் ஆட்கள் வரக்கூடாது. முக்கியமாக இருமுகிறவர்கள் யாரும் கிட்டவே வரக்கூடாது.

நான் அன்றைக்கே ஒரு பூட்டு வாங்கி வந்தேன். தூசுக்கே கதவை மூடுகிற பெக்டரியில் வேலை பார்க்கிறவள் நான், எனக்கு இது பெரிய காரியமா? பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடித்து, பூட்டைப் போட்டு, ஒரு சாவியை நான் வைத்துக்கொண்டு இன்னொன்றை அவளிடம் கொடுத்தேன். பூட்டு விழுந்த சத்தத்துக்கு அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மருந்து முடியிற வரைக்கும்தானேலா?" என்று கேட்டாள். ஜோகூரிலிருந்து வந்திருந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா வந்தா மட்டும் எனக்கு போன் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

விதைகளை எடுத்துவிட்டார்கள். கடுமையான மருந்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அந்த நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"யாருக்கா இருமுனது?"

"இங்க யாரும் இல்ல புள்ள. நான்தான் இருமுனேன்."

"ஆம்பள இருமல் மாதிரி இருந்துச்சு."

"நெஞ்சுல சளி கட்டுனா எல்லார் இருமலும் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, என் முன்னால் இருமியும் காட்டினாள். அந்த இருமல் அவளுக்குப் பத்தவில்லை. ஊதாச் சிலிப்பர் என் நினைவுக்கு வந்தது. வீடு முழுக்கப் போய்ப் பார்த்தேன். குளியலறையில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பின்கதவில் பூட்டு அதன் இடத்திலேயே தொங்கியது. சேவல் மட்டும் குசினி மூலையில் நின்று என்னை முறைத்தது. மறுநாளே அவளைக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டினேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார்கள். நம்பினேன். அடுத்தவருக்காகப் பொய் சொல்வாள் என்று தெரியும். தன் உயிரையே வைத்துக்கொண்டு சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்?

நான் முன்வாசலுக்கு ஓடிவருவதற்குள் தம்பியைப் பின்பக்கம் அனுப்பிப் பூட்டியிருக்கிறாள், அவன் அப்போது செம்பனைக்குள் நின்றிருக்கிறான். நான் வேலைக்குப் போனதும் அவள் தன் சாவியால் திறந்துவிடுவாளாம், நான் வரும் நேரத்துக்கு அனுப்பிவிட்டுப் பூட்டிவிடுவாளாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. குறித்த நாளுக்கு முந்திய பரிசோதனையில் அக்கா நிஜமாகவே இருமினாள். காசநோய் என்றார்கள்.

நுரையீரல் ஆறாமல் அந்தக் கடுமையான மருந்தைக் கொடுத்தால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும். நாளைத் தள்ளிவைத்தார்கள். மஜ்ஜைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தையும் பாதி நிறுத்தினார்கள். சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து, வீட்டில் இருமுகிறவர் யார் தங்கினார்கள், அவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்று நல்லவிதமாகத்தான் கேட்டார்கள்.

"வீட்டுல நான் மட்டும்தான்" என்றாள் அக்கா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

அவர்கள் போனதும் நான் கத்திவிட்டேன். முகமூடிக்குள் எனக்கே என் குரல் அசிங்கமாகக் கேட்டது. "அவன் எங்கக்கா? சொல்லுங்க. புடிச்சா அவனுக்கும் மருந்து குடுப்பாங்க, அடிச்சா போட்டுருவாங்க?"

"புடிச்சு எங்கயாவது அடைச்சு வெச்சிட்டா? அவனுக்குப் பயம் புள்ள. சின்னதுல இருந்தே பூட்டுன கதவுன்னா அவனுக்குப் பயம்."

"உங்களுக்குப் பயமா இல்லியா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். "ரொம்ப இருக்கு. நான் சாவணும்னா நெனைக்கிறேன்? எனக்கும் வாழணும்னு ஆசதான். அவன் வந்து கதவச் சொரண்டுறப்ப என்னால முடியல புள்ள. கை தானாப் போயித் தொறக்குது."

இதைக் கேட்டு நான் அழுதேனா கோபப்பட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

நுரையீரல் ஆறியது. ஆறுகிற வரைக்கும் மஜ்ஜையில் இருந்தவை காத்துக்கொண்டிருக்கவில்லை. மறுபடி மருந்தைத் தொடங்கியபோது, முன்பு கேட்ட அதே மருந்து கேட்கவில்லை. வேறு மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாள் இறங்கியது, மறுபடி ஏறியது. ஒருநாள் டொக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மொத தடவ வெளிய இருந்ததெல்லாம் செத்துப்போச்சு ஆண்ட்டி. மஜ்ஜையில ஒட்டிக்கிட்டிருந்தது மட்டும் பொழச்சுது. இப்ப இருக்குறதெல்லாம் அதோட பிள்ளைங்க. மருந்துக்குப் பழகிப்போச்சு. இனிமே ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இல்லாட்டியும் அதுங்களுக்கு ஒன்னுதான்."

அக்கா போர்வை ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அந்த வளக்குற செல்லு... ஒரு தடவகூட வெளிய போன்னு சொல்லாதா டொக்டர்?"

"சொல்லாது ஆண்ட்டி. அதுக்குச் சொல்லத் தெரியாது."

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமில்லாமல், வாயைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். டொக்டரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். 

வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். மகள் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாள். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"மாமா எங்கம்மா இருக்காரு?"

"தெரியாதும்மா."

"என்னவிட அவரு பெருசாம்மா உனக்கு?"

அக்கா மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். "நீ நல்லா இருக்கியேம்மா" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமான பதில். மகளுக்கு அது எப்படிப் போதும்? எழுந்து குசினிக்குப் போய் பைப்பைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர் சத்தத்தில் அழுதாள். அந்த மாதமே அக்கா போய்விட்டாள். கடைசிவரைக்கும் அவன் இருக்கிற இடத்தை அவள் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

கருமாதி முடிந்தது. மகள் சேவலை எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். கிழடாகிப்போயிருந்த அதை அந்த வருஷப் பூசையில் அறுத்தார்கள். வீட்டுச் சாமான்களை எடுத்துக் கட்டிவிட்டு, சாவிகளை என்னிடம் தந்து, "நான் இனிமே இங்க வர மாட்டேன்கா" என்று சொல்லிவிட்டு ஜோகூருக்குப் பஸ் ஏறினாள். நான் அவ்வப்போது போய்க் கூட்டிவிட்டு வருவேன். இருமலும் தும்மலும் இல்லாத அந்தச் சுவர் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தக் காலி குசினியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பின்கதவை யாரோ சுரண்டினார்கள். தட்டவில்லை. நகத்தால் சுரண்டினார்கள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பூட்டைத் திறந்தேன்.

அவன்தான். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொங்கியது. படகில் எங்கோ லங்காவிப் பக்கம் போயிருந்தானாம். இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான். அவன் காலைப் பார்த்தேன். அக்காவின் சிலிப்பரைப் போட்டிருந்தான். அவனுடையது அறுந்துபோனபோது கழற்றிக் கொடுத்திருப்பாள்.

"அக்கா இல்லியா தங்கச்சி?"

இவனைப் பார்த்தால் கேட்க வேண்டுமென்று நான் மாதக்கணக்கில் மனதுக்குள் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ. நீதான் கொன்றாய் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றிருந்தேன். சொன்னால் அவன் கால்வாயில் விழுந்து சாவான் என்று அந்த ஒட்டிய முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.  வாயில் வந்தது இதுதான்.

"இங்க யாரும் இல்லண்ணே."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த வார்த்தையை அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறான், எப்போதும் இந்தக் குசினிக்கு உள்ளே இருந்துகொண்டு. அது சொல்லப்படும்போதெல்லாம் வீட்டுக்குள் ஆள் இருந்திருக்கிறது, அடுப்பில் சோறு இருந்திருக்கிறது.

"நெசமாத்தான் சொல்றேன். யாரும் இல்ல" என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்ட மாதிரித் தலையை ஆட்டினான். என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தான். பிறகு அக்காவின் சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் கூப்பிடுகிற வரைக்கும் இருப்போம் என்று பின்படியில் உட்கார்ந்தான்.